மூக்கடைச்ச ஆக்ஸில்

வாரும் மருமவனே, வாரும். இந்த ஓமான்ல, ரூவி ஹை ஸ்ட்ரீட்டுல நம்மூர் ஆளு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தா, ஒண்ணு சம்பளம் வரலை, இல்ல வண்டி ஒழுகுது. உமக்குச் சம்பளம் போன வாரமே வந்தாச்சுன்னு உம்ம அத்தை சொல்லிட்டா.

பின் சக்கரம் ஒழுகுதாக்கும். சீல் போயிருச்சாக்கும். போன மாசம் ஒண்ணு மாத்தினீரு, அதுக்கு முந்தின மாசம் ஒண்ணு. அதே வலது சக்கரம். இப்ப மூணாவதுக்கு வாதி கபீருக்குக் கிளம்பியாச்சு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் உம்ம தலையைக் கண்டதும் கரக் டீ சொல்லுதானாமே, மாப்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி! பம்பர்ல எலுமிச்சம்பழம் தொங்குததையும் பாத்தேன். ஒழுகுறது பின்னால, பழம் கட்டினது முன்னால. நல்ல வைத்தியம்.

சரி, ஒழுகுறது என்னன்னு பாத்தீரா? எண்ணெய்னு எனக்கும் தெரியும்வே. எந்த எண்ணெய்? விரலால தொட்டு மோந்து பாரும். கிரவுன் ஆயில்னா, அதான் ஆக்ஸிலுக்குள்ள கெடக்குற எண்ணெய், கெட்டியா இருக்கும், கந்தக வாடை அடிக்கும். ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் ராத்திரி சோத்துல கை வைக்கும்போது வந்து நிக்கும். பிரேக் ஆயில்னா தண்ணியா ஓடும். மூக்கு மேல நம்பிக்கை இல்லைனா ஒரு தம்ளர் தண்ணியில ஒரு சொட்டு விடும். பிரேக் ஆயில் கரைஞ்சு போவும், கிரவுன் ஆயில் மேல மிதக்கும். பிரேக் ஆயிலா இருந்தா கோளாறு வீல் சிலிண்டர்ல. அதுக்கு ஆக்ஸில் சீல் மாத்துறது பல்வலிக்கு மொட்டை போட்ட கதை.

கிரவுன் ஆயில்தானா? மோந்து பாத்தாச்சா? நல்லது. இப்ப மாமன் ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீரும். போன மழைக்குக் குரியாத் பக்கம் ஓடுற வாதியில, அதான் மழை ஆத்துல, வண்டியை இறக்கி, ரெண்டு பக்கமும் தண்ணி றெக்கை விரிக்க, பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வச்சது ஆரு? ஓடுற வாதியில இறங்காதேன்னு போலீஸ்காரன் வருசா வருசம் தொண்டை கிழியக் கத்துதான். உமக்கு லைக்குல்லா முக்கியம்.

ஆக்ஸிலுக்கும் மூக்கு உண்டு மருமவனே. ஹவுசிங் மேல, சின்னதா, தொப்பி போட்டாப்ல ஒண்ணு இருக்கும். பிரீதர்னு பேரு. சில வண்டியில அதுல இருந்து குழாய் மேல ஏறும். வண்டி ஓட ஓட உள்ள எண்ணெய் சுடும், காத்து விரியும், அந்த மூக்கு வழியா வெளியேறும். வாதிச் சேறும் மலைப் புழுதியும் சேர்ந்து மூக்கை அடைச்சுட்டா அந்தக் காத்து எங்க போவும்? ஒலைப்பானை வாயை இறுக்கி மூடிட்டு அடுப்பைத் தள்ளித் தள்ளி எரிச்சா என்ன ஆவும், அதேதான். சீலைப் பிதுக்கிக்கிட்டு எண்ணெய் வெளிய வரும். நீரு பானையை விட்டுட்டு மூடியை மாத்திக்கிட்டே இருக்கீரு.

இன்னொண்ணு. சுட்ட ஆக்ஸில் திடீர்னு பச்சைத் தண்ணியில முங்குனா உள்ள காத்து சுருங்கித் தண்ணியை உறிஞ்சும். 2007 ஜூன்ல கோனு புயல் அடிச்சுதே, மலையில விழுந்த தண்ணியெல்லாம் வாதி வழியா ஊருக்குள்ள வந்த நேரம், முங்கிக் கெடந்த ஒரு பிக்கப்போட கிரவுன் ஆயிலைத் திறந்து விட்டேன். கரக் டீ மாதிரியே வந்துது, ஏலக்கா ஒண்ணுதான் கொறை. அதனால உம்ம வண்டி ஆயிலையும் திறந்து நிறத்தைப் பாரும். எண்ணெய் ஊத்துற மேல் நட்டை மொதல்ல கழத்திட்டு அப்புறம் கீழ் நட்டைக் கழத்தும். கீழ கழத்தி எல்லாத்தையும் வடிச்சுட்டு, மேல் நட்டு துருப்பிடிச்சுச் சுத்தமாட்டேன்னு நின்ன வண்டி எனக்குத் தெரியும். ஆரு வண்டின்னு கேக்காதீரும்.

அதுக்கப்புறம் ஆக்ஸிலை உருவும். சீலோட உதடு உரசுற எடத்துல நகத்தை வச்சு இழுத்துப் பாரும். நகம் ஒரு பள்ளத்துல தட்டி நின்னா, அங்கன தடம் விழுந்திருக்கு. புதுச் சீலு போட்டாலும் அந்தத் தடத்து வழியா எண்ணெய் நழுவும். பேரிங்கையும் விட்டுறாதீரும். ஆக்ஸிலை உருவுறதுக்கு முன்னாலயே சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாத்திருக்கணும். ஆடுற பேரிங்ல தண்டும் ஆடும், தண்டு ஆடினா எந்தச் சீலும் நிக்காது. பேரிங் ஏத்த பிரஸ் உள்ள பட்டறைக்குப் போவும், சுத்தியலால சாத்தாதீரும்.

சீல் மாட்டுறதுல உம்ம கைங்கரியத்தை நேர்ல பாத்தவன் நான். ஒரு பக்கம் டொக்குனு அடிச்சீரு, அது கோணிக்கிச்சு. மறுபக்கம் அடிச்சு நிமித்தினீரு. மருமவனே, அது சீலு, கூடாரத்து முளை இல்ல! சுருள் கம்பி தெரியுற பக்கம் எண்ணெயைப் பாத்து உள்ள போவணும். உதட்டுல கொஞ்சம் கிரீஸ். அதே அகலத்துக்கு ஒரு பழைய சாக்கெட்டை வச்சு, சுத்திச் சுத்திச் சமமாத் தட்டணும். ஆக்ஸிலைத் திருப்பிச் சொருகும்போது கையில ஏந்திக்கிட்டே போவணும். அதோட பல்லு உதட்டுல ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், மூணாவது சீலும் மோட்சம்.

பிரேக் ஷூ மட்டும் சிரிப்புக்கில்ல. எண்ணெய் குடிச்ச ஷூவைப் பெட்ரோல்ல கழுவித் திருப்பி மாட்டினதா கேள்விப்பட்டேன். அது ஊறினது ஊறினதுதான், சூடேறினா மறுபடி கசியும். அமராத் மலைப் பாதையில இறங்கும்போது ஒரு சக்கரம் பிடிச்சு ஒரு சக்கரம் வழுக்கினா வண்டி எந்தப் பக்கம் திரும்பும்னு எம்மால சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் சோடியாப் புது ஷூ போடும். அதுல ரியாலை எண்ணாதீரும்.

எல்லாம் முடிஞ்சதும் ஆயிலை மேல் ஓட்டையோட கீழ் உதடு மட்டத்துக்கு ஊத்தினா போதும், வண்டி சமதளத்துல நிக்கணும். நெறைய ஊத்தினா பாசம் கூடுமா என்ன? ஒழுக்குத்தான் கூடும்.

இப்ப கடைக்குப் போவாதீரும். அட்டையை விரிச்சுக் கீழ படும். மூக்கைக் கழத்தி ஊதிப் பாரும்... என்ன, ஊத ஊத வரமாட்டேங்குதா? கம்பியை விடும். ஆங், அந்தா உருண்டு விழுதே களிமண்ணு! குரியாத் மண்ணை ரூவி வரைக்கும் சுமந்துக்கிட்டு வந்திருக்கீரு.

எந்திரிச்சு வரும்போது முன்னால அந்த எலுமிச்சம்பழத்தையும் அவுத்துட்டு வாரும். இந்த வெயிலுக்கு இந்நேரம் அது காஞ்சு லூமியா ஆயிருக்கும். ஓமானிக்காரங்க கறியில போடுவாங்க. குங்குமத்தைக் கழுவிட்டு அத்தைகிட்ட குடும், ராத்திரி மீன் குழம்புக்கு ஆவும்.