பிரிட்டனுக்கு ஆதிச்சநல்லூர் போடும் மார்க்கு

தொழில் நடத்த எளிதான நாடுகள் எவை என்று உலக வங்கி 2019 அக்டோபரில் ஒரு பட்டியல் வெளியிட்டது. பிரிட்டனுக்கு 8ஆம் இடம், இந்தியாவுக்கு 63. ஐந்து வருஷத்துக்கு முன்னால் 142இல் கிடந்தோமே, எங்கே வந்துவிட்டோம் பாருங்கள் என்று டெல்லியில் மேளம் கொட்டினார்கள். மேளச் சத்தம் அடங்குவதற்குள் மார்க்குப் போட்ட வாத்தியாரே மாட்டிக்கொண்டார். சீனா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், அஜர்பைஜான் ஆகிய நாடுகளின் கணக்கில் கோளாறு என்று தெரிந்து, 2021 செப்டம்பரில் உலக வங்கி அந்த அறிக்கையையே நிறுத்தியது. ஆக, வாத்தியார் நாற்காலி காலி. தூத்துக்குடிப் பக்கத்து ஆதிச்சநல்லூரில் இருந்துகொண்டு நாங்கள் அதில் உட்கார்ந்துகொள்கிறோம்.

என்ன தகுதி என்பீர்கள். எங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658இல் டச்சுக்காரர் வந்தார்கள். அப்புறம் ஆங்கிலேயர். வந்தவர் எல்லோரும் எங்களைத்தான் எடைபோட்டார்கள்: முத்து எவ்வளவு தேறும், கூலி எவ்வளவு மலிவு, ஆட்கள் எவ்வளவு அடக்கம். அந்த அனுபவம்தான் தகுதி. முதலில் பிரிட்டனை எடுத்துக்கொள்வோம்.

முறையிலும் குறை சொல்ல முடியாது. உலக வங்கி டெல்லியையும் மும்பையையும் மட்டும் பார்த்துவிட்டு இந்தியா முழுவதற்கும் மார்க்குப் போட்டது. நாங்கள் தூத்துக்குடி வட்டாரத்தை மட்டும் பார்த்துவிட்டு பிரிட்டன் முழுவதற்கும் போடுகிறோம். தலைப்புகளும் பெரும்பாலும் அவர்களுடையவைதான்.

சொத்துப் பதிவு. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூர் பரம்புக்கு வந்தார். ஆட்சி பிரிட்டனுடையது. தோண்டினார், கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பட்டா இல்லை, வில்லங்கச் சான்று இல்லை, பத்திரச் செலவு இல்லை. எங்கள் பாட்டன் பூட்டன் எலும்பு கிடந்த தாழிக்காட்டுப் பொருள்கள் ஒரு கையெழுத்துகூட இல்லாமல் கைமாறின. பிரிட்டனுக்கு நூற்றுக்கு நூறு. 2025இல் முதலமைச்சர் முதலீடு தேடி ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போய்வந்தார். அடுத்து யார் போனாலும், நாங்கள் ஏற்கனவே போட்ட முதலீடு பெர்லினில் இருக்கிறது, அதற்கு வட்டி என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.

வரி. முத்துக்குளிப்பில் கணக்கு தெளிவு. இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாகக் குளியாள் கடலுக்குள் இறங்குவான். மூச்சு முட்டுகிறவரை சிப்பி பொறுக்குவான். கயிறு ஆடினால் மேலே இழுப்பார்கள். கரைக்கு வந்ததும் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவனுக்கு. மூச்சைப் பிடித்தது ஒருத்தன், மூன்றில் இரண்டைப் பிடித்தது இன்னொருத்தன். படிவம் நிரப்பும் தொல்லை கிடையாது. இதற்கும் நூறு.

தொழில் தொடங்குதல். 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பதிவு செய்ய பிரிட்டிஷ் சட்டம் தடை சொல்லவில்லை. அதற்கும் மார்க்கு உண்டு. கம்பெனி தொடங்கலாம், கப்பல்தான் விடக்கூடாது.

போட்டி. தூத்துக்குடி–கொழும்பு வழியில் அதுவரை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வைத்ததுதான் கட்டணம். சுதேசிக் கப்பல் வந்ததும் கட்டணத்தை வெட்டினார்கள். சுதேசி அதற்கும் கீழே வெட்டியது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றது. சுதந்திரச் சந்தை என்று எங்களுக்குப் பாடம் எடுக்கும் நாட்டின் சந்தை அன்று அந்தக் குடைக்குள் அடங்கியது.

தொழிலாளர். இந்தத் தலைப்பில் உலக வங்கி தகவல் திரட்டியது, ரேங்க் போடும்போது விட்டுவிட்டது. நாங்கள் விடப்போவதில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் வாரம் ஒரு நாள் விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலி கொதித்தது, போலீஸ் சுட்டது, நான்கு பேர் செத்தார்கள்.

வழக்கு முடிக்கும் வேகம். இந்தியாவில் ஒரு ஒப்பந்த வழக்கு முடிய 1,445 நாள் ஆகிறது என்று உலக வங்கி முகம் சுளித்தது. பிரிட்டனின் வேகத்தை வ.உ.சி. வழக்கில் பாருங்கள். மார்ச்சில் கைது, ஜூலையில் தீர்ப்பு. நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள், அதாவது நாற்பது வருஷம், கொடுத்தார். நான்கு மாதத்துக்குள் நாற்பது வருஷம்! மேல்முறையீட்டில் குறைந்தது வேறு கதை. கோயம்புத்தூர் சிறையில் கப்பல்காரருக்குச் செக்கிழுக்கும் வேலை கொடுத்தார்கள். இன்றைய சர்க்கார் மொழியில் சொன்னால் தொழில்முனைவோருக்கான திறன் மேம்பாட்டுப் பயிற்சி.

நொடிப்புத் தீர்வு. 1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள். அதை நடத்த வேண்டியவர் உள்ளே இருந்தார். அவர் 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. தீர்வு சுத்தம்.

கூட்டிப் பார்த்தால் பிரிட்டன் கௌரவமாகவே தேறுகிறது. கொள்ளை, வெட்டு, சிறை, சூடு எல்லாவற்றிலும் காலதாமதமே கிடையாது. எட்டாம் இடம் போதாது, முதலிடமே கொடுக்கலாம்.

வெள்ளைக்காரனைத் திட்டி முடித்துவிட்டோம் என்று இங்கே கைதட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அடுத்த விடைத்தாள் நம்முடையது.

ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் தாய் நிறுவனம் வேதாந்தா. அதன் பங்கு 2003 முதல் லண்டன் சந்தையில் விலைபோனது. லாபத்துக்கு லண்டன், புகைக்குத் தூத்துக்குடி. 2013இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கேட்டுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது, ஆலையை ஓடவும் விட்டது. ஆலையை இன்னும் பெரிதாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜனங்கள் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நூறாவது நாள், 2018 மே 22. கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க ஊர்வலம் போனவர்களை நோக்கி, வண்டிக் கூரைமேல் சாதா உடையில் ஏறிய ஒருவர் துப்பாக்கியால் குறிபார்த்ததை நாடே டிவியில் பார்த்தது. பதின்மூன்று பேர் செத்தார்கள். ஒருத்தி பதினேழு வயசுப் பிள்ளை.

அதே வருஷம் அக்டோபர் 31 அன்று உலக வங்கிப் பட்டியல் வந்தது. இந்தியா 100இலிருந்து 77க்குத் தாவியிருந்தது. பதின்மூன்று பிணத்துக்கு அந்தப் பட்டியலில் பாதி மார்க்குகூடக் குறையவில்லை. குறைக்க அதில் கட்டமே கிடையாது. கிடங்கு கட்ட அனுமதி கிடைக்க எத்தனை நாள் என்று எண்ணுவார்கள், மின் இணைப்புக்கு எத்தனை நாள் என்று எண்ணுவார்கள். மனுவோடு போனவன் திரும்பி வந்தானா என்று எண்ண ஆளில்லை. தமிழ்நாட்டில் தொழில் எளிதாக்கும் சட்டமும் 2018இல்தான் வந்தது. முதலீட்டாளருக்கு ஒற்றைச் சாளரம் திறந்தார்கள். மனுவோடு வந்தவனுக்குத் துப்பாக்கியின் ஒற்றைத் துளையைத் திறந்தார்கள்.

அந்தத் துப்பாக்கிச்சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. சுட்டதற்கு நியாயம் இல்லை, 17 போலீஸ்காரர்கள்மேல் நடவடிக்கை வேண்டும் என்றது. சுட்டது ஒரு கட்சியின் ஆட்சியில், அறிக்கையை மேசையில் வைத்தது இன்னொரு கட்சியின் ஆட்சியில். வெள்ளைக்காரன் நாற்பது வருஷத் தண்டனையை நாலு மாதத்தில் எழுதினான். நம்மவர்களுக்கு நியாயத்தை எழுதுவதற்கு மட்டும் நாள் போதவே போதாது. வேகம் எங்கே வேண்டும், நிதானம் எங்கே வேண்டும் என்பதைத் துரைமாரிடம் நன்றாகவே படித்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் 2011 முதல் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர். முதலீட்டாளருக்கு நீட்டும் வழவழப்புத் தாளில் அந்தப் பெயர் தவறாமல் இருக்கும். முதலாளியோடு மோதி, தொழிலாளியோடு நின்று, அதற்காக உள்ளே போன மனிதரின் பெயரைக் காட்டி, இங்கே தொழிலாளர் தொல்லை கிடையாது வாருங்கள் என்று கூப்பிடுகிறோம். வெள்ளைக்காரன்கூட அவருக்கு இந்த அவமானத்தைச் செய்யவில்லை.

தொழில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வ.உ.சி. செய்ததும் தொழில்தான். யாருக்கு எளிது என்பதுதான் கேள்வி. அதனால் உலக வங்கியின் பத்துத் தலைப்புகளுக்கு மேல் எங்கள் அறிக்கையில் பதினோராவது தலைப்பு ஒன்று சேர்க்கிறோம்: எதிர்த்துக் கேட்டவன் வீடு திரும்ப எத்தனை நாள் ஆகும்? 1908இல் கேட்ட வ.உ.சி.க்கு நாலே முக்கால் வருஷம் ஆயிற்று. நான்கு பேர் திரும்பவே இல்லை. 2018இல் பதின்மூன்று பேர் திரும்பவில்லை. இந்தத் தலைப்பில் பிரிட்டன் பூஜ்யம். இந்தியாவும் பூஜ்யம். இதில் தேறாத எந்த நாட்டுக்கும், எந்த ஆட்சிக்கும் மற்றப் பத்து மார்க்கையும் நாங்கள் கூட்டப்போவதில்லை.