துபாயில் வேலை, ஷார்ஜாவில் வீடு?

கேள்வி: துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. வாடகை குறைவு என்று நண்பர்கள் ஷார்ஜாவில் வீடு பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கலாமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: குறைவுதான். மிச்சமாகும் திர்ஹத்துக்கு ஈடாக, இரண்டு ஊர்களையும் இணைக்கும் அல் இத்திஹாத் சாலை உங்கள் தூக்கத்தை வசூலித்துவிடும். காலை நெரிசலில் கந்த சஷ்டி கவசத்தை முழுதாகச் சொல்லி முடித்து, மறுபடியும் தொடங்கலாம். 2009-இல் ஓடத் தொடங்கிய துபாய் மெட்ரோ ஷார்ஜாவுக்குள் போவதில்லை. அங்கே மதுவுக்கும் தடை. இதை மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள், அன்றே ஷார்ஜா முடிவாகிவிடும்! தனி ஆளென்றால் துபாயிலேயே கராமாவிலோ அல் குசைஸிலோ மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தில் இடம் தேடுங்கள். வருட வாடகைக்குப் பின்தேதியிட்ட காசோலைகளை மொத்தமாகக் கேட்பார்கள். வேலை நிலைக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.