கடல் எங்கே? கொற்கைக்குப் பிள்ளைகளோடு போதல் பற்றிய ஒரு திணையாராய்ச்சி

கொற்கையைப் பற்றி அறிஞர்கள் எழுதியதை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். கால்டுவெல் அங்கே தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியது, 2021இல் மறுபடியும் தோண்டியது. முதல் தோண்டலில் துறைக்குக் கிடைத்த கரித்துண்டின் வயதைக் கணக்கிட்டு கி.மு. 785 என்றார்கள். ஆனால் அரையாண்டு விடுமுறையில் மூன்று பிள்ளைகளை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை யாரும் தோண்டவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்கள் என் தங்கச்சி பிள்ளைகள். பதினொரு வயதில் ஒருத்தி, எட்டு வயதில் ஒருவன், ஐந்து வயதில் ஒரு கடைக்குட்டி. ஆய்வாளன் தாய்மாமன், ஆகையால் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம். புறப்பட்ட இடம் நெல்லையில் ஆற்றோரச் சிந்துபூந்துறை. வாடகைக் கார் ஓட்டிய அண்ணாச்சி, "கொற்கையா? அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்தார். முன்னாய்வு என்ற வகையில் அந்த ஒரு கேள்வி அலமாரி முழுவதற்கும் சமம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பிழை முந்தின இரவே நேர்ந்துவிட்டது. "நாளைக்கு பாண்டிய ராஜாவோட துறைமுகத்துக்குப் போறோம்" என்று சொல்லித் தொலைத்தேன். துறைமுகம் என்றால் கடல் இருக்கும் என்று பிள்ளைகள் கொண்டதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. காலையில் பார்த்தால் பையில் மாற்று டிரவுசர், துண்டு, ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. கொற்கையிலிருந்து கடல் இன்றைக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது ஆய்வாளனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஆய்வில் இதற்குத் தரவு மறைத்தல் என்று பெயர்.

வழியில் ஒரு ரயில்வே கேட். திருச்செந்தூர் வண்டிக்காக இருபது நிமிடம் காத்துக் கிடந்தோம். காத்திருத்தல் முல்லைக்கு உரியது என்பார் தொல்காப்பியர். சுற்றிலும் காடு இல்லை, கரிசலாய் ஒரு பொட்டலும் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஓர் அம்மாவும்தான். இருந்தாலும் உரிப்பொருள் பொருந்துவதால் அந்த இடத்தை முல்லை என்றே குறித்துக்கொண்டேன். நிலம் தப்பினாலும் ஒழுக்கம் தப்பாது என்ற எண்ணம் முதன்முதலாக உதித்தது அங்கேதான்.

ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளத்துக்குக் கீழே முதுமக்கள் தாழிகள். நடுவுள்ளவன் குப்புறப் படுத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "மாமா, இதுக்குள்ள ஒளிஞ்சா யாரும் கண்டுபிடிக்க மாட்டாவ, என்னா?" மூவாயிரம் ஆண்டு கழித்துக் கண்டுபிடித்துவிட்டார்களே என்றேன். ஆட்டத்தில் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததே பெரிது என்பது அவன் கருத்து.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றைக் கடந்து வடகரையோடு ஏரல் போனோம். கடைத்தெருவைத் தாண்டும்போது அண்ணாச்சி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் "இந்தக் கடையெல்லாம் தண்ணிக்குள்ள கெடந்துச்சு" என்று கையை நீட்டிக் காட்டினார். பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வயலும் வாழைத்தோட்டமுமாக ஒரே பச்சை. எருமைகள், கொக்குகள். கொற்கை போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொன்றரை.

இறங்கியதும் கடைக்குட்டி வாளியோடு நாலு பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"கடலு எங்க மாமா?"

"இங்கனதான் இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"போயிட்டு."

"எங்க?"

"கிழக்க."

"எதுக்குப் போச்சு?"

இந்த உரையாடலில் உள்ள நான்கு வினாக்களும் கொற்கை ஆராய்ச்சியின் நான்கு பெரும் வினாக்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசி வினாவுக்குக் கால்டுவெல் விடை சொல்லியிருக்கிறார். பொதிகையில் பிறந்து ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிவரும் தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டக் கொட்டக் கரை வளர்ந்தது, கடல் ஒதுங்கியது. இதைச் சொன்னேன். "அப்பம் ஆத்த யாரும் ஏசலையா?" என்றாள் மூத்தவள்.

நிலைமையைச் சமாளிக்கச் செழியநங்கை அம்மன் கோயில் பக்கத்துக் குளத்தைக் காட்டி, "இதுதாம்ல கடலோட மிச்சம்" என்று ஒரு கருதுகோளை முன்வைத்தேன். கடைக்குட்டி படியிறங்கி, சுண்டுவிரலைத் தண்ணீரில் முக்கி, நாக்கில் வைத்துப் பார்த்தான். "உப்பு இல்ல." கருதுகோள் விழுந்தது. இவ்வளவு மலிவான, விரைவான ஆய்வுமுறையை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கண்டதில்லை.

இலக்கியச் சான்றுக்கு மாறினேன். கொற்கைத் துறையில் அலை ஒதுக்கிய முத்துகள் குதிரையின் குளம்பை உறுத்தியதாக அகநானூற்றில் வருகிறது என்றதும் மூவரும் குனிந்து தேடத் தொடங்கினார்கள். பத்து நிமிடத்தில் வாளியில் சேர்ந்தவை: ஓட்டாஞ்சில்லு இரண்டு, உடைந்த சிப்பி ஒன்று, ஆட்டுப்புழுக்கை ஏராளம். உருண்டையாக, பளபளப்பாக, ஒரே அளவில் இருந்ததால் அவற்றைக் கருமுத்து என்று வகைப்படுத்தியதில் தவறு சொல்ல முடியாது. சிப்பியை மட்டும் வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்தது அயலவர் குறிப்பு. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் நூலில் கொற்கையின் பெயர் கொல்கோய். குற்றம் செய்தவர்களைத்தான் அங்கே முத்துக் குளிக்க அனுப்பினார்கள் என்கிறது அது. இதைக் கேட்டதும் நடுவுள்ளவன் முகம் மலர்ந்தது. "தப்பு பண்ணுனா கடல்ல குளிக்க விடுவாங்களா?" 'குளித்தல்' என்ற சொல்லுக்கு உரையாசிரியர்கள் இன்னும் கொஞ்சம் தெளிவாக உரை எழுதியிருக்கலாம். அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அவன் தம்பியின் வாளியைப் பிடுங்கினான், அக்காள் சடையை இழுத்தான், கோயில் மணியை ஏழு தடவை அடித்தான். தண்டனை கிடைக்கவில்லை என்றானதும் மூவரும் வன்னிமரத்தடியில் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மரத்துக்கு இரண்டாயிரம் வயது என்கிறார்கள் ஊரார். அதற்கு இதெல்லாம் பழகியிருக்கும்.

இங்கேதான் இவ்வாய்வின் முடிபு கைக்கு வந்தது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பிள்ளைகள் முதலில் கடலை நினைத்து இரங்கினார்கள், பிறகு ஊடினார்கள். ஆக, கொற்கை நெய்தலாக இருந்து மருதமாகத் திரிந்த நிலம் என்பது குழி வெட்டாமல், மண்ணைச் சலிக்காமல், ஒரு மணி நேரத்துக்குள் நிறுவப்பட்டது. முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை ஆகும் என்று சொன்ன இளங்கோ, நெய்தல் திரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லாமல் விட்டார். அவர் பிள்ளைகளோடு வெளியூர் போகாதவர். நண்பகல் பாலைக்குரிய பொழுதாயிற்றே என்று மறுப்பவர்களுக்கு: வெயில் அப்படித்தான் அடித்தது. அண்ணாச்சி மட்டும் கார் நிழலில் சாய்ந்துகொண்டு, "நான் அப்பவே கேட்டேம்லா" என்றார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளையளுக்குக் கடலு காட்டணும்னா புன்னக்காயலுக்குல்லா போவணும். இங்க எங்க தாத்தா காலத்துலயே கெடையாது."

வரலாறும் அந்த வழிதான் போயிருக்கிறது. கொற்கையைக் கடல் கைவிட்டதும் வணிகர்கள் காயலுக்குப் போனார்கள். 1292 வாக்கில் மார்க்கோ போலோ கண்டது அந்தக் காயலைத்தான். அங்கிருந்தும் கடல் விலகிக்கொண்டது, ஊர் பழையகாயல் ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் புன்னைக்காயலில் வந்து உட்கார்ந்தார்கள், பின்னர் தூத்துக்குடி தலையெடுத்தது. பாண்டியரும் அரபியரும் பறங்கியரும் ஆளுக்கொரு வாளியோடு "கடலு எங்க?" என்று கேட்டுக்கொண்டே கிழக்கே நகர்ந்திருக்கிறார்கள். ஐந்து வயதுப் பையனைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

முக்காணிப் பாலத்தில் ஆற்றைத் தாண்டி, ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்களைக் கடந்து புன்னைக்காயல் சேர்ந்தபோது மணி மூன்று. ஏற்பாடு, நெய்தலுக்கு உரிய பொழுது! ஆய்வாளன் புளகாங்கிதம் அடைந்தான். அதைக் கேட்க ஆளில்லை, மூவரும் தண்ணீருக்குள் இருந்தார்கள். கடைக்குட்டி மட்டும் முறைப்படி சுண்டுவிரலை முக்கி நாக்கில் வைத்து, திரும்பி என்னைப் பார்த்து, "உப்பு" என்று கத்தினான்.

இரவு வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி டிரவுசர்களை உதறினாள். திண்ணையில் ஒரு படி மணல் தேறும். பொதிகையில் தொடங்கி இதே சிந்துபூந்துறை வழியாக ஆறு எத்தனையோ காலமாக இறக்கிக் கொண்டுபோன மணலை மூன்று பிள்ளைகள் ஒரே நாளில் மேலே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். விடுமுறைதோறும் நெல்லைப் பிள்ளைகள் எல்லாரும் போய்வந்தால் கொற்கைக்குக் கடலைத் திரும்ப வரவழைத்துவிடலாம் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் காலத் தூக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, தங்கச்சி அதை விளக்குமாற்றால் கூட்டி வாசல் சாக்கடையில் தள்ளினாள். எங்கள் தெருச் சாக்கடை ஆற்றுக்குத்தான் போகிறது.