ஓசிக் கிருமி

1980 வாக்கில் வயிற்றுப்புண் வழக்கில் உலக மருத்துவம் ஒரே குற்றவாளியைத்தான் பிடித்து வைத்திருந்தது: நோயாளி. கவலைப்பட்டான், கண்டதைத் தின்றான், அமிலம் பொங்கியது, கேஸ் முடிந்தது. அந்த அமிலத்தில் கிருமி குடித்தனம் நடத்த முடியாது என்பது பாடப்புத்தக வேதவாக்கு. கிருமிக்குத்தான் பாடப்புத்தகம் படிக்கும் பழக்கம் இல்லை.

1979இல் ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர், இரைப்பைச் சதைத் துணுக்கில் வளைந்து நெளிந்த ஜந்துக்களைக் கண்டார். நம்பத்தான் ஆள் கிடைக்கவில்லை. 1981இல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் வந்து மாட்டினார். இருவரும் வளர்த்துப் பார்த்தார்கள், முளைக்கவில்லை. இரண்டு நாள் பார், குப்பையில் போடு என்பது ஆய்வக வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் கிருமி வளர்க்கும் தட்டைத் தூக்கிப்போட ஆளில்லை. லீவு முடிந்து பார்த்தால் கிருமி செழித்துக் கிடந்தது. அரசு விடுமுறை மனித குலத்துக்குச் செய்த ஆகப்பெரிய சேவை இதுதான் என்பேன்.

1983இல் ஆஸ்திரேலிய இரைப்பைக் குடலியல் சங்கத்தின் கூட்டத்துக்கு மார்ஷல் தன் ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பினார். வந்தவை 67, ஏற்றவை 56. கழித்துப் போட்டதில் ஒரு நோபல் பரிசும் கிடந்தது.

கிருமிதான் காரணம் என்று நிரூபிக்க அதைப் பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், அவை ஒத்துழைக்கவில்லை. 1984இல் கிருமிக் கரைசலைத் தானே மடக்கென்று குடித்துவிட்டார். நெறிமுறைக் குழுவிடம் கேட்கவில்லை, மனைவி ஏட்ரியனிடமும் மூச்சு விடவில்லை. சில நாளில் குமட்டல், வாந்தி, வாயைத் திறந்தால் வீட்டார் ஒதுங்கும் நாற்றம். பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பி செய்தால் இரைப்பை முழுக்க அழற்சி. விஷயம் தெரிந்த ஏட்ரியன், மரியாதையாக மருந்தைச் சாப்பிடும்படி உத்தரவு போட்டார்.

வேடிக்கை என்னவென்றால், மார்ஷல் இத்தனை பாடுபட்டுக் குடித்த சரக்கு அவருடைய சக டாக்டர்களுக்கு வேலையோடு சேர்த்து இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து எண்டோஸ்கோப்புக்கு டிவித் திரை கிடையாது. குழாயின் மேல்முனையில் கண்ணை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும். சதைத் துணுக்கு எடுக்கும் துளையோ மூக்குக்குக் கீழேயே. இடுக்கியை உருவினால் நோயாளியின் இரைப்பை நீர் கல்யாண வாசல் பன்னீராக டாக்டர் முகத்தில் தெறிக்கும். கையுறையா? அதெல்லாம் பலருக்கும் ஆடம்பரம்.

கருவி வழியே ஓசியில் வாங்கியது டாக்டர்கள் மட்டுமல்ல போலிருக்கிறது. 1970களில் அமெரிக்காவின் டல்லாஸில் அமிலச் சுரப்பு ஆய்வுக்கு வந்த 37 பேரில் 17 பேருக்கு அமிலமே வற்றிப்போனது. தொற்று என்று சந்தேகித்துத் தேடினார்கள், குற்றவாளி அகப்படவில்லை. ஒருவர் வயிற்றுக்குள் போய்வந்த, அமிலம் அளக்கும் மின்முனை அடுத்தவர் வயிற்றுக்குள்ளும் போய்வந்த இடம் அது!

கடைசியில் ஆஸ்திரேலியாவிலேயே இரைப்பை நிபுணர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 1989இல் முடிவு வெளிவந்தது. ரத்ததானம் செய்ய வந்த சாதாரண ஜனங்களைவிட நிபுணர்களிடம்தான் இந்தத் தொற்றின் தடயம் அதிகம். வயிற்றில் கிருமி வாழாது என்று சாதித்த தொழில்காரர்கள், அதை வாடகை வாங்காமல் தங்கள் வயிற்றிலேயே குடிவைத்திருந்தார்கள்.

2005இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஓசியில் வாங்கியவர்களுக்கு ஆண்டிபயாடிக் மாத்திரை.