கண்ணாடிக் கூண்டுக்குள் டிரம்ஸ்

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் ஆராதனை ஒருவழியாகப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. தாமதம்தான், ஆனாலும் மெச்சத்தான் வேண்டும்.

1774-ல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். ராக தாளத்தோடு கீர்த்தனைகள் எழுதினார். குறவஞ்சியில் பெத்லகேமைப் பாடினார். பாவம், அவருக்கு கீபோர்டு கிடைக்கவில்லை. அவருக்கும் முன்பே ஃபெப்ரீஷியஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைச் சரணம் சரணமாகத் தமிழாக்கி வைத்தார். இன்றைய பாட்டு நாலே வரி. இருபது முறை பாடினால் எண்பது வரி. கணக்கில் குறையே இல்லை.

தென்மாவட்டச் சபை ஒன்று இதில் முன்னோடி. டிரம்ஸ் சத்தம் சபைக்குக் கேட்கக் கூடாதென்று கண்ணாடிக் கூண்டு. கேட்க வேண்டுமென்று கூண்டுக்குள் நாலு மைக். தூபக்கலசத்தைக் கத்தோலிக்கர் வழக்கமென்று மூன்று தலைமுறையாகத் தொடாதவர்கள், மேடைக்குப் புகை இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். பாட்டுப் புத்தகம் அலமாரிக்குப் போய் வெண்திரை வந்தது. ஸ்பீக்கர் போடும் போட்டில் சபையார் பாடுவது யார் காதிலும் விழுவதில்லை. ஆகவே சுருதி பிசகுவதும் இல்லை.

போன ஞாயிறு மூன்றாம் பாட்டின் பதினோராம் சுற்றில் கரண்ட் போனது. திரை இருண்டது. கீபோர்டு ஊமையானது. பாட்டை நடத்திய தம்பிக்கு அந்த நாலு வரியும் மறந்துபோனது.

பின்வரிசையில் ஓர் ஆச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்தார். அனுபல்லவிக்குள் கோயில் முழுக்கச் சேர்ந்துகொண்டது. எல்லாச் சரணமும், புத்தகமில்லாமல்.

நெகிழ்ந்துபோன சேகரக் கமிட்டி அன்று மாலையே அவசரமாகக் கூடி, ஏகமனதாகத் தீர்மானம் போட்டது: பெரிய ஜெனரேட்டர் ஒன்று வாங்குவதென்று.