குழி மூடும் படலம்

ஏண்டி தாயி, தொடையில குழி விழுந்துருச்சுன்னு ராத்திரிச் சோத்தையே நிறுத்திட்டியாமே! உங்கம்மா போன்ல மூக்கைச் சிந்துறா. நான்கூட ஏதோ கட்டியோ புண்ணோன்னு பதறிட்டேன். வெசாரிச்சுப் பாத்தா, தோலு கொஞ்சம் மேடும் பள்ளமுமா இருக்காம், அதுக்குப் பேரு செல்லுலைட்டாம். வலிக்குதான்னு கேட்டேன், இல்லையாம். அரிக்குதான்னு கேட்டேன், அதுவும் இல்லையாம். பெறகு என்னதான்டி பண்ணுதுன்னா, "பாக்க நல்லால்ல"ன்னா. யாரு பாக்குறதுன்னு கேட்டேன். போனை வச்சுட்டா.

நான் கைநாட்டு, ஆனா காது நல்லாக் கேக்கும். உன் சித்தப்பன் மக டாக்டருக்குப் படிக்கிறால்ல, லீவுக்கு வந்தவளை உக்கார வச்சு, புஸ்தகத்துலயும் போன்லயும் இருக்குறதை எல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். தோலு செவந்து, சூடாகி, வீங்கி, தொட்டா வலிச்சு, காய்ச்சலும் அடிச்சா அது செல்லுலைட்டிஸ்னு வேற சங்கதி. கிருமி. அதுக்கு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அப்பத்தாகிட்ட உக்காந்து கதை கேக்கக் கூடாது. உனக்கு இருக்கறது அது இல்ல. அதனால உக்காரு.

நம்ம வீட்டு இலவம்பஞ்சு மெத்தையைப் பாத்திருக்கேல்ல? பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கிறக் கூடாதுன்னு, மெத்தை தைக்கிறவரு நீட்டு ஊசியை மேலருந்து கீழ வரைக்கும் விட்டு, நூலை இறுக்கி முடிச்சுப் போடுவாரு. முடிச்சு விழுந்த எடம் உள்வாங்கும். சுத்தியுள்ள பஞ்சு மேல முட்டும். உன் தொடையிலயும் அம்புட்டுத்தான். பஞ்சு எடத்துல கொழுப்பு. நூலு எடத்துல கொல்லாஜன்ங்கிற நாரு. அதுதான் மேல இருக்குற தோலையும் கீழ இருக்குற சதையையும் இழுத்துக் கட்டியிருக்கு. பொம்பளைக்கு அந்த நாரு நட்டுக்குத்தலா நிக்குதாம். ஆம்பளைக்குக் குறுக்கும் நெடுக்குமாப் பின்னிக் கெடக்காம், தோலும் தடிமனாம். அதனால கொழுப்பு மேல முட்ட வழியில்ல. ஜெர்மன்காரக ரெண்டு பேரு, நியூர்ன்பெர்கர், ம்யூல்லர்னு பேரு, 1978லயே தோலை வெட்டி வச்சுப் பாத்து எழுதியிருக்காக.

வயசுக்கு வந்த பொம்பளைகள்ல 100க்கு 80லருந்து 90 பேருக்கு இது இருக்காம். எனக்கு ஒரு சந்தேகம் தாயி. 90 பேருக்கு இருக்கறது நோயா, இல்ல 10 பேருக்கு இல்லாததுதான் நோயா? கணக்குப்படி பாத்தா அந்த 10 பேரைத்தான ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்?

இருந்தாலும் பேத்தி கேட்டுட்ட, வழி சொல்லாம விடுவேனா. முதல் வழி, அடுத்த பொறப்புல ஆம்பளையாப் பொறந்துரு. செலவில்லாத வைத்தியம், என்ன, கொஞ்சம் காத்திருக்கணும். ரெண்டாவது வழி, ரூம்பு லைட்டை மாத்து. தலைக்கு மேல இருந்து வெளிச்சம் விழுந்தா ஒவ்வொரு குழிக்கும் ஒரு நெழலு விழும், எதுக்க இருந்து விழுந்தா பாதி மறைஞ்சுரும். துணிக்கடை டிரையல் ரூம்ல நீ கதறுனியே, அந்தக் குழியில பாதி உன்னுது, பாதி கடைக்காரன் போட்ட பல்பு. லைட்டை அணைச்சுட்டா முழுசும் போயிரும், கரண்ட் பில்லும் மிச்சம். மூணாவது வழி, பீரோ கதவுல இருக்குற ஆளுயரக் கண்ணாடியைக் கழட்டிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுரு. எங்க வீட்டுல பொட்டு வைக்கிற அளவுக்குத்தான் கண்ணாடி இருந்துச்சு. நெத்தி தெரியும். அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு யாருக்கும் கவலையில்ல.

ஆனா நான் பாக்காமச் சொல்லல. கண்மாய்ப் படித்துறையில பாவாடையை மாருக்கு ஏத்திக் கட்டிக்கிட்டு மஞ்சள் தேய்க்கிறப்ப, அம்புட்டுப் பேரு தொடையையும் பாத்தவடி நான். விடியுமுன்ன சேத்துல எறங்கி நாத்து நட்டவளுக்கும் குழி இருந்துச்சு. திண்ணையை விட்டு எறங்காத பெரிய வீட்டுக்காரிக்கும் இருந்துச்சு. களத்துமேட்டுல நாள் முழுக்கக் கதிர் செமந்தவ, காத்தடிச்சா விழுந்துருவாளோன்னு பயப்படுற ஒல்லிக்காரி, எல்லாருக்கும் முன்னப்பின்ன இருந்துச்சு. ஒருத்தியும் அதைப் பத்திப் பேசல. பேச வேற விசயம் நெறையக் கெடந்துச்சு. மாமியாருக இருந்தாக.

வெள்ளைக்காரச் சீமையிலயும் அப்பிடித்தான். ரூபன்ஸ்னு ஒரு ஓவியரு, 1630கள்ல, மூணு தேவதைக ஒட்டுத்துணி இல்லாம நிக்கிற படம் வரைஞ்சிருக்காரு. மாட்ரிட்ல பிராடோ மியூசியத்துல தொங்குதாம். படிக்கிறவ போன்ல பெருசாக்கிக் காட்டினா. எனக்குத்தான் கூச்சம், அவளுக்கு இல்ல. தொடையும் பின்பக்கமும் மேடும் பள்ளமும்தான். மனுசன் அதை மறைக்கல, நல்ல வெளிச்சம் போட்டு வரைஞ்சு வச்சிருக்காரு. நம்ம கோயில் தூணுல நிக்கிற அம்மணிகளுக்கு மட்டும் ஏன் குழி இல்லைன்னு கேக்காத. அது கல்லு. 1968ல வோக்னு ஒரு பேஷன் பத்திரிகை இதைப் பெருசா எழுதுச்சாம்; அதுக்குப் பெறகுதான் அமெரிக்காக்காரிக திரும்பித் திரும்பித் தன் பின்பக்கத்தைப் பாக்க ஆரம்பிச்சிருக்காக. கழுத்து சுளுக்கிக்கிட்டதுதான் மிச்சம்.

சரி, கேலி போதும். எளைச்சா, எக்சர்சைஸ் பண்ணா இது போகுமாங்கிறதுதான உன் கேள்வி? கொறையலாம். அடியோட போகாது. சில பேருக்குக் கூடவும் செய்யும்.

முறைக்காத, காரணம் சொல்றேன். மெத்தையில இருந்து கொஞ்சம் பஞ்சை உருவுனா மேடு தணியும். ஆனா நூலு எங்கயும் போகலயே! அளவு தெரியாம உருவிட்டா உறை தொளதொளன்னு ஆயி, பள்ளம் முன்னைக்கு இப்பக் கூடுதலாத் தெரியும். 2006ல ஒரு ஆராய்ச்சி வந்துருக்கு. டாக்டர் மேற்பார்வையில எளைச்ச 29 பொம்பளைகளை முன்னயும் பின்னயும் அளந்து பாத்திருக்காக. பெரும்பாலானவகளுக்குக் குழி கொறைஞ்சுருக்கு. அதுலயும் ரொம்பக் குண்டா இருந்து நெறைய எளைச்சவகளுக்கு நல்ல பலன். ஆனா சில பேருக்கு இருந்ததைவிட மோசமாயிருக்கு. தோலு தொய்ஞ்சு போனது அதுக்கு ஒரு காரணம். உன் ஒசரத்துக்கு உன் எடை சரியாத்தான்டி இருக்கு. இருக்குற பஞ்சையும் பிடுங்கிட்டு எதை வச்சு உக்காரப் போற?

மெய்யாவே எடை கூடுனவ எளைக்கட்டும், தப்பில்ல. வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப் போனா ஒரு கிலோ. அதுக்கு மேல கொறைக்கிறேன்னு பட்டினி கெடந்தா கொழுப்போட சதையும் சேந்து கரையும், தோலு தொங்கும். பெறகு ஒருநா புரோட்டாக் கடையில உக்காந்து விட்டதை எல்லாம் புடிப்ப. எளைக்கிறதும் ஊதுறதுமா இருந்தா தோலுதான் பாவம், எந்த அளவுக்குத் தைச்சுக்கிறதுன்னு அதுக்கே தெரியாது.

எக்சர்சைஸுக்கு வா. காலை மட்டும் ஒதறுனா தொடைக் கொழுப்பு மட்டும் கரையும்னு உன் ஜிம் மாஸ்டரு சொன்னாராமே. 1984ல அமெரிக்காவுல ஆம்பளைகளைப் புடிச்சுப் படுக்கப் போட்டு, 27 நாள்ல ஆளுக்கு 5004 சிட்-அப் எடுக்க வச்சிருக்காக. பெறகு வயித்துலயும் முதுகுலயும் பின்பக்கத்துலயும் துளி கொழுப்பை எடுத்துச் சோதிச்சா, மூணு எடத்துலயும் ஒண்ணுபோலத்தான் கொறைஞ்சுருக்கு. வேலை செஞ்சது வயிறு, கூலி எல்லாருக்கும் சமம். கொழுப்பு எங்கருந்து எறங்கணும்ங்கிறதை ஒடம்பு முடிவு பண்ணும். மாஸ்டரு கையில விசில் மட்டுந்தான் இருக்கு.

அதுக்காகச் சும்மா கெட்டியாப் படுத்துக்கிறாத. உக்காந்து எந்திரிக்கிறது, படி ஏறுறது, பாரம் தூக்குறதுன்னு விடாமப் பண்ணா தொடையிலயும் பின்பக்கத்துலயும் சதை தெரளும். சதை தெரண்டா மேல தோலு கொஞ்சம் இழுத்துக்கிட்டு நெரவலாத் தெரியும். மாசக்கணக்குல ஆகும், நாரு அப்பவும் அங்கேயேதான் இருக்கும். ஆனா எம்புட்டு வயசானாலும் தரையில கையூனாம எந்திரிப்ப. அந்தப் பலன் கண்ணாடியில தெரியாது, கக்கூஸ்ல தெரியும்.

அடுத்தது உன் பர்ஸு. பார்லர்ல பாலித்தீனைச் சுத்திப் படுக்க வச்சு, எந்திரிச்சப்ப ரெண்டு சுத்து கொறைஞ்சுருச்சுன்னாகளாமே. வேர்வை போச்சு, வேறென்ன. வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சிருப்ப, திரும்ப வந்துருக்கும். காபின் போட்ட கிரீமு தடவுனா தோலுல தண்ணி வத்தி, கொஞ்ச நேரம் வழவழன்னு காட்டும். தெனம் தடவணும். தெனம் தடவணும்னா விடாம வாங்கணும். அந்த மருந்தோட முக்கியக் குணமே அதுதான். ரெட்டினால் 0.3 சதவீதம் உள்ள கிரீமை ஆறு மாசத்துக்கு மேல விடாமப் போட்டா தோலு தடிச்சு, குழி ஓரளவு மங்கலாமாம். புள்ளை உண்டாகியிருக்கப்ப அது ஆகாது, ஞாபகம் வச்சுக்க.

இதையெல்லாம் தூக்கிச் சாப்புடுற கூத்து ஒண்ணு கேளு. காபின் ஏத்துன உள்ளாடை வித்துருக்காகடி அமெரிக்காவுல! போட்டுக்கிட்டுத் திரிஞ்சாலே குழியும் கொறையும், இடுப்பும் கொறையும்னு வெளம்பரம். 2014ல அந்த நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் புடிச்சு, ஆதாரம் எங்கேன்னு கேட்டிருக்கு. வாக்கோல் கம்பெனி 13 லட்சம் டாலரு, நார்ம் தாம்சன் 2,30,000 டாலருன்னு கட்டிச் சமாதானம் ஆகியிருக்காக. அந்தக் காபியை டம்ளர்ல ஊத்திக் குடிச்சிருந்தா தூக்கமாவது கலைஞ்சிருக்கும்.

நூலையே அறுத்துட்டா என்னன்னு டாக்டருக யோசிக்காம இல்ல. ஊசியை உள்ள விட்டு நாரை அறுத்து விடுறது உண்டு. சில பேருக்குச் சில வருசம் பலன் நிக்குது. 2020ல அந்த நாரைக் கரைக்கிற க்வோன்னு ஒரு ஊசி மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி குடுத்தாக. போட்டுக்கிட்டவகளுக்கு ரத்தம் கட்டி, தோலு கருத்து, அது மறையவும் நாளாச்சு. 2022 கடைசியில கம்பெனியே அந்த மருந்தை நிறுத்திருச்சு. குழி போய்க் கறை வந்தா லாபமா நட்டமா, நீதான் கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்குறவ, சொல்லு. கொழுப்பை உறிஞ்சி எடுக்குற ஆபரேசன் பக்கம் இதுக்காகப் போயிறாத. அது குழியை இன்னும் எடுப்பாக் காட்டிரும்னு தோல் டாக்டருகளே சொல்றாக.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். தொடையை அளக்க ஒரு டேப்பு வாங்குனியே, அதை எடுத்துக்கிட்டு உங்கப்பன்கிட்ட போ. நம்ம நாட்டு டாக்டருக கணக்குல ஆம்பளைக்கு இடுப்புச் சுத்து 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டுனா சர்க்கரைக்கும் நெஞ்சுவலிக்கும் வாசல் தெறந்து வச்ச மாதிரிதான். வயித்துக்குள்ள ஈரலைச் சுத்திச் சேருற கொழுப்புதான் கெடுதல் பண்றது. தொடையிலயும் இடுப்புக்குக் கீழயும் சேருறது அம்புட்டுக் கெடுதல் இல்ல. அங்க கொழுப்பு தங்குறவகளுக்குச் சர்க்கரையும் இருதய நோயும் கம்மியாத்தான் வருதாம். புள்ளைக்குப் பால் குடுக்குற காலத்துல அந்தக் கொழுப்புதான் எளகிக் குடுக்கும். உங்கப்பனுக்குப் பால் குடுத்து என் தொடை வத்துனது எனக்குத் தெரியும். அவன் வயித்துல அது சேந்துருச்சுன்னு இப்பத்தான் தெரியுது.

அவன் தொந்தியைத் தடவிக்கிட்டு வாசல்ல நின்னா ஊரு என்ன சொல்லுது? "வசதி வந்துருச்சு"ங்குது. அதுக்கு ஒரு பத்திரிகை எழுதல, ஒரு பார்லர் பாலித்தீன் சுத்தல. உயிரைக் குடிக்கிற கொழுப்பு சட்டைக்குள்ள ராசா வேசம் போடுது. ஒண்ணும் பண்ணாத குழிக்கு நீ பட்டினி கெடக்க. இந்த வீட்டுல யாரு சோத்தைக் கொறைக்கணும்னு இப்பச் சொல்லு.

அதனால இன்னைக்கு ராத்திரி நீ நல்லாச் சாப்புடு. நாளைக்குக் காலையில உங்கப்பனை எழுப்பிக்கிட்டு நட. வாரத்துக்கு 150 நிமிசமாவது வேர்க்க நடக்கணும், ரெண்டு நாளாவது சதைக்கு வேலை குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. குழிக்காக நடந்தா ஒரு மாசத்துல சலிச்சு விட்டுருவ, அது போகாதுல்ல. முட்டிக்காக நட, தூக்கத்துக்காக நட, உங்கப்பன் ரத்தத்துல இருக்குற சர்க்கரைக்காக நட. போற வழியில குழி கொஞ்சம் மங்குனா வாங்கிக்க, மங்கலைன்னா உன் பாட்டிக்கும் பூட்டிக்கும் இருந்த சொத்து உனக்கும் வந்துருக்குன்னு வச்சுக்க.

நடக்க வரமாட்டேன்னு உங்கப்பன் மொரண்டு புடிப்பான். அப்ப, தொந்தி வச்சா தலைமுடி கொட்டும்னு போன்ல போட்டிருக்கான்னு சொல்லு. செருப்பைக்கூடப் போடாம ஓடியாருவான். பொய்யாச்சே அப்பத்தான்னு இழுக்காத. காபின் ஜட்டிக்காரன் சொன்னா வெளம்பரம், நான் சொன்னா மட்டும் பொய்யாக்கும்?