இரண்டு ஸ்லாபுக்கு நடுவே

அனுப்புநர்: மேல்மாடிக் குடித்தனக்காரன், சேலையூர், கிழக்குத் தாம்பரம்.
பெறுநர்: மின் கட்டணத்துக்குப் படிக்கட்டு கட்டிய பெரியோர்கள்.
பொருள்: 501-வது யூனிட் குறித்து நன்றி தெரிவித்தல்.

ஐயா, அம்மா,

கத்திரி வெயில் தொடங்கிப் பத்து நாளாகிறது. தங்கள் அலுவலக அறையில் ஏசி குறைவின்றி ஓடும் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு எங்களை ஒரு படி மேலாக மதிக்கிறார்கள். அதன் ரிமோட்டை என் மனைவி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறார். எல்லாம் தங்கள் புண்ணியம்.

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதத்தை எடுத்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழித்தால் 1,725 ரூபாய். 501 என்றால் 1,958. அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன்; சரிதான். 500-ஐத் தாண்டிய குற்றத்துக்காக 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கொடுத்த சலுகையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்கள். அது 225. தாண்டிய யூனிட்டுக்கு 8. அதன் பிறகு விகிதங்கள் இன்னும் கொஞ்சம் ஏறின. படிக்கட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2016-ல் முதல் 100 யூனிட்டை இலவசமாக்கியதை நான் மறக்கவில்லை. விருந்துக்கு அழைத்துவிட்டு, இரண்டாம் தடவை ரசம் கேட்டவரிடம் முதலில் போட்ட சாம்பாருக்கும் பில் நீட்டுவதுதான் புதுமையாக இருக்கிறது.

எங்களுக்கு இரண்டு ஸ்லாப். ஒன்று தலைக்கு மேல் கான்கிரீட், இன்னொன்று பில்லில். மேலே இருப்பது பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி நாங்கள் படுத்த பிறகு நிதானமாகக் கக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூட்டை அள்ளி முகத்தில் கொட்டும். ஏசி போடலாம் என்றால், ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமாராக ஒரு யூனிட் தின்னும். ராத்திரிக்கு எட்டு மணி நேரம் வைத்தால் இரண்டு மாதத்தில் 480. ஃப்ரிட்ஜ், மோட்டார், மிக்ஸி எல்லாம் மிச்சமுள்ள 20-க்குள் அடங்க வேண்டும். எங்கள் மிக்ஸி அவ்வளவு சாது அல்ல.

இந்த ஊருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்குச் சானடோரியம் தொடங்கினார். அன்றைக்கு அந்த நோய்க்கு முக்கிய மருந்தே நல்ல காற்றுதான். ரயில் நிலையத்தின் பெயரில் இன்னும் அந்த நினைவு இருக்கிறது. இப்போது கடல் காற்று பள்ளிக்கரணை தாண்டி, வழியிலுள்ள அடுக்குமாடிகளில் முட்டி மோதி, எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் மாலை காபியே ஆறிவிடுகிறது. சில நாள் காற்றே வருவதில்லை.

ஆகவே தங்கள் 501-வது யூனிட்டுக்குப் பயந்து, வாத்தியார் நான் கொத்தனார் ஆனேன். மொட்டை மாடியைக் கழுவி, சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை வெள்ளை அடித்தேன். வெறுங்காலோடு மதியம் நிற்க முடிந்தது. அதற்கு முன் செருப்போடே துள்ளுவேன். மேற்கு ஜன்னலுக்கு வெளியே பச்சை வலை கட்டினேன். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே திரை போட்டு என்ன பயன்? விடிவதற்கு முன் ஜன்னல்களைத் திறந்து, எட்டரைக்கெல்லாம் சாத்திவிடுகிறோம். 75 வாட் ஃபேன் மூன்றையும் கழற்றி, 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன். ஒரு ஃபேன் நாளுக்கு இருபது மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் மிச்சம். ஏர் கூலர் வாங்கலாம் என்றார் மைத்துனர். அவர் வேலூர்க்காரர். அங்கே காற்று காய்ந்தது, கூலர் எடுபடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கூலர் போட்டால் வியர்வைக்குத் துணைக்கு ஆள் வைத்த மாதிரிதான். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளித்தும் பார்த்தேன். லாரித் தண்ணீர் விலைக்கு ஏசியே பரவாயில்லை.

எங்கள் தாத்தா காலத்து மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் அடித்து, மேலே தட்டு ஓடு பதிப்பார்கள். இன்றைய பில்டர் அதை ‘கூடுதல் வேலை’ என்கிறார். வீடு கட்டுகிறவரிடம் மழைநீர்த் தொட்டி எங்கே என்று 2003-ல் கேட்டீர்கள். ஊரே குழி தோண்டியது. கூரையை வெளுத்தாயா என்று கேட்க அப்படி என்ன தயக்கம்? தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கை போட்டுவிட்டது. அது தங்கள் இலாகா இல்லை என்பீர்கள். வெயிலுக்கு மட்டும்தான் இலாகா கிடையாது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல காரியம். ஆனால் அந்த அரசாணையின் நகல் 501-வது யூனிட்டுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. பேரிடரில் செத்தால் 4 லட்சம் கொடுக்கிறீர்கள்; ஏசி போட்டுப் பிழைத்துக்கொண்டால் 233-க்குக் குறையாமல் வாங்குகிறீர்கள். இரண்டில் எது லாபம் என்று வாத்தியார் மூளை கணக்குப் போடப் பார்க்கிறது. மனைவி அதட்டி நிறுத்திவிட்டார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஏப்ரல், மே, ஜூன் மட்டும் அந்தப் படியை ஒரு நூறு யூனிட் தள்ளி வையுங்கள். முடியாது என்றால், 501-வது யூனிட் ஓடும்போது மீட்டர் ஒரு தடவை மணியடிக்கும்படி செய்யுங்கள். கொடுக்கிற காசுக்கு ஒரு சத்தமாவது கேட்கட்டும்.

இப்போது மீட்டரில் 494. ரீடிங் எடுப்பவர் வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை மொட்டை மாடியில், தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
500-க்குள் வாழ்பவன்

பி.கு.: கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை வந்து இறங்கியிருக்கிறார். “ரிமோட் எங்கே மாமா?” என்று கீழேயிருந்து கேட்கிறார். அரிசி டிரம்மைத் திறக்கும் சத்தம் கேட்கிறது.